வெறுங்கஞ்சி வேண்டாம்

செல்லப்பிராணி நலம்: வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவர்களின் பதில்கள். இந்த இதழில் சின்ன நாய்களின் கல்லீரல் நோய்.

எங்கள் பொமரேனியனுக்கு ஒன்பது வயது, எடை 4 கிலோ. ஸ்கேனில் கல்லீரல் சுருங்கிவிட்டது என்றார்கள். மஞ்சள் காமாலைப் பத்தியம் என்று மூன்று வாரமாக முட்டை, தயிர், கறி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அரிசிக் கஞ்சி மட்டும் கொடுக்கிறோம். முதுகெலும்பு துருத்திக்கொண்டு தெரிகிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, கோயம்புத்தூர்

முதலில் பத்தியத்தை நிறுத்துங்கள். புரதமே வராவிட்டால் உடம்பு தன் தசையைக் கரைத்துக்கொள்ளும். புரதம் செரிக்கும்போது வருவதைப் போலவே, தசை கரையும்போதும் மூளையைப் பாதிக்கும் அம்மோனியா என்ற நச்சு உண்டாகிறது. அதோடு, கெட்டுப்போன கல்லீரல் விட்டுவைக்கும் அம்மோனியாவில் ஒரு பங்கைத் தசைதான் வாங்கிக்கொள்கிறது. எதற்குப் பயந்து முட்டையை நிறுத்தினீர்களோ, அதைத்தான் கஞ்சி கொண்டுவந்து சேர்க்கும். மூளை பாதிப்பின் அறிகுறி (அடுத்த கேள்வியில் இருக்கிறது) தெரிந்தால் மட்டும் புரதத்தைக் குறைக்க வேண்டும். அப்போதும் ஒரு கிலோ எடைக்கு நாளைக்கு 2 கிராமுக்குக் கீழே இறங்கக் கூடாது.

4 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 270 கலோரி தேவை. குழைய வேகவைத்த சோறு 120 கிராம், உப்பில்லாத தயிர் 100 கிராம், வேகவைத்த ஒரு முட்டையின் வெள்ளைக்கரு, மசித்த பரங்கிக்காய் 2 மேசைக்கரண்டி, எண்ணெய் ஒரு தேக்கரண்டி. இதில் ஏறக்குறைய 10 கிராம் புரதம் வந்துவிடும். மூளை அறிகுறி இல்லாத நாய்க்குச் சோற்றைக் கொஞ்சம் குறைத்து 30 கிராம் பனீர் சேர்க்கலாம். உங்கள் நாய் இளைத்திருப்பதால் அதைத்தான் செய்யச் சொல்வோம். பால், முட்டையில் உள்ள புரதம் இறைச்சிப் புரதத்தைவிட இந்த நாய்களுக்கு ஒத்துப்போகிறது.

ஒரே தட்டாக வைக்காமல் ஐந்தாறு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். படுக்கும் முன் ஒரு வேளை கட்டாயம். நோயுற்ற கல்லீரலில் சர்க்கரை இருப்பு குறைவு. ராத்திரி முழுக்க வயிறு காய்ந்தால் விடியற்காலையில் துவண்டு விழுந்துவிடும்.

ஆட்டு ஈரல், கோழி ஈரல் வேண்டவே வேண்டாம். ஈரல் கெட்டால் ஈரல் கொடு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஈரலில் தாமிரம் மிகுதி. அதைப் பித்தத்தோடு வெளியேற்றும் வேலையைத்தான் இந்தக் கல்லீரலால் செய்ய முடியவில்லை. கருவாடு, அப்பளம், சிப்ஸ், ரசஞ்சோறு எல்லாம் உப்புக்காகத் தள்ள வேண்டியவை.

மேலே சொன்ன சாப்பாட்டில் கால்சியம், துத்தநாகம், சில வைட்டமின்கள் போதாது. இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் மருத்துவரிடம் அதற்கான பொடியைக் கேட்டு வாங்கிக் கலக்க வேண்டும்.

பதினோரு மாத ஷிட்ஸு, 3 கிலோ. கூடப் பிறந்த குட்டிகளைவிடச் சின்னது. சாப்பிட்டு ஒன்றிரண்டு மணி நேரத்தில் எச்சில் ஒழுகுகிறது, வட்டமாகச் சுற்றுகிறது, சுவரில் தலையை அழுத்திக்கொண்டு நிற்கிறது. பிறகு தானே சரியாகிறது. வலிப்பு நோயா?
– வாசகர், திருச்சி

சாப்பாட்டோடு சேர்ந்து வருவதைக் கவனித்தது நல்லது. இந்த வயதில், இந்த இனத்தில், வளர்ச்சியும் குறைந்திருந்தால் எங்கள் முதல் சந்தேகம் பிறவி ரத்தக்குழாய்க் கோளாறு. குடலிலிருந்து வரும் ரத்தம் கல்லீரலுக்குள் போகாமல் குறுக்கு வழியில் ஓடிவிடும். அம்மோனியா வடிகட்டப்படாமல் மூளைக்குப் போகும். வெறும் வயிற்றிலும், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் பித்த அமிலப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். உறுதியானால் அறுவை சிகிச்சைக்கு வழி உண்டு. வலிப்பு என்று நினைத்து ஃபீனோபார்பிட்டோன் ஆரம்பித்துவிட்டால் சிக்கல். அந்த மருந்தைக் கழிப்பதும் கல்லீரல்தான்.

அதுவரை லாக்டுலோஸ் சிரப். கிலோவுக்கு 0.5 மி.லி., நாளுக்கு மூன்று முறை; உங்கள் நாய்க்கு 1.5 மி.லி. ஊசி கழற்றிய சிரிஞ்சில் எடுத்துக் கன்னத்தின் ஓரமாக மெல்ல விடுங்கள். மருத்துவர் எழுதித் தரும் அளவு ஆரம்பம்தான், உண்மையான அளவை மலம்தான் சொல்லும்: நாளுக்கு இரண்டு மூன்று முறை களி பதத்தில் போக வேண்டும். தண்ணீராகப் போனால் அளவு கூடிவிட்டது. உடம்பில் நீர் வற்றினால் அறிகுறி இன்னும் மோசமாகும். மலச்சிக்கலும் அதே அளவு ஆபத்து. இந்தச் சிரப் பெருங்குடலைப் புளிக்கவைத்து அம்மோனியாவை அங்கேயே பிடித்து வைக்கிறது. மலம் தங்கினால் பிடித்ததெல்லாம் வீண். சிரப்பின் லேபிளில் சைலிட்டால் என்ற இனிப்பு இருந்தால் அந்த பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நாய்க்கு அது விஷம்.

நாய் மயக்கத்தில் இருக்கும்போது வாயில் எதையும் ஊற்றாதீர்கள். நுரையீரலுக்குள் போய்விடும். ஆசனவாய் வழியாக லாக்டுலோஸ் எனிமா கொடுக்கும் வேலை மருத்துவமனையில் நடக்க வேண்டியது.

வயிற்றில் நீர் கட்டிக்கொள்கிறது. வாரம் ஒருமுறை ஊசி போட்டு எடுத்துவிடலாமா?
– வாசகர், நாகர்கோவில்

மூச்சு வாங்கினால் எடுத்தே ஆக வேண்டும். மற்றபடி வேண்டாம். அந்த நீரில் அல்புமின் புரதமும் போகிறது. ரத்தத்தில் அல்புமின் குறைந்தால் நீர் இன்னும் வேகமாகக் கட்டும். உப்பைக் குறைப்பதும், நீரைச் சிறுநீராக வெளியேற்றும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரையும்தான் அடிப்படை. அந்த மாத்திரை வேலை செய்ய இரண்டு மூன்று நாள் ஆகும், அதற்குள் பலனில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். நீரை வெளியேற்றும் இன்னொரு மருந்தான ஃபுரோசமைடை மட்டும் தனியாகக் கொடுத்தால் பொட்டாசியம் இறங்கி அம்மோனியா ஏறும்.

தினம் காலையில், சாப்பாட்டுக்கு முன், கடைசி விலா எலும்பை ஒட்டி டேப் வைத்து வயிற்றுச் சுற்றளவை எழுதி வையுங்கள். பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசில் துணிப்பையோடு தூக்கி எடையும் பாருங்கள். ஒரே நாளில் 200 கிராம் ஏறினால் அது சதை இல்லை, நீர்.

எஸ்.ஜி.பி.டி. 640-லிருந்து 90 ஆகிவிட்டது. மருந்தை நிறுத்தலாமா?
– வாசகி, மதுரை

இதை வைத்து மட்டும் நிறுத்த வேண்டாம். எஸ்.ஜி.பி.டி. என்பது கல்லீரல் செல்கள் உடையும்போது ரத்தத்தில் கசியும் நொதி. கல்லீரல் ஆறினாலும் இறங்கும். உடைவதற்கு மிச்சம் செல்லே இல்லாவிட்டாலும் இறங்கும். அல்புமின், பிலிரூபின், யூரியா, சர்க்கரை, ரத்தம் உறையும் நேரம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால்தான் கல்லீரல் வேலை செய்கிறதா என்று தெரியும்.

கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

நாய்க்கு நிலைநாட்டப்பட்ட அளவு கிடையாது. அதைவிடப் பெரிய பிரச்சினை, மஞ்சள் நிறம் ஒரே நோய் அல்ல. உண்ணி மூலம் வரும் பபீசியாவில் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சளாகும். பித்தக்குழாய் அடைத்தால் மலம் வெளுத்து, கண் மஞ்சளாகும். மழைக்காலத்தில் எலிச் சிறுநீர் கலந்த நீரால் வரும் லெப்டோஸ்பைரோசிஸ் மனிதருக்கும் தொற்றும். அந்த நாயின் சிறுநீரைக் கையுறை போட்டுத்தான் துடைக்க வேண்டும். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. கீழாநெல்லிக்காகக் காத்திருக்கும் நான்கு நாளில் லெப்டோ சிறுநீரகத்தையும் பிடித்துவிடும்.

காய்ச்சலாக இருந்தால் பாராசிட்டமால் பாதி மாத்திரை கொடுக்கலாம் இல்லையா?
– வாசகி, சேலம்

கூடாது. ஐபுப்ரோஃபெனும் கூடாது. ஏற்கெனவே கொடுத்திருந்தால் எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கு என்று சீட்டில் எழுதிக்கொண்டு உடனே கிளம்புங்கள். பாராசிட்டமால் நஞ்சை முறிக்கும் மருந்தான அசிட்டைல்சிஸ்டைனின் பலன் மணிக்கு மணி குறைந்துகொண்டே போகும்.