கிளந்தான் சந்தைப் பெண்கள் – கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

மலேசியாவின் கிளந்தான் மாநிலத்தில் உள்ள கோத்தா பாரு சந்தை பற்றிய உங்கள் பயணக் குறிப்பைப் படித்தேன். மலாய்ப் பெண்கள் ஏதோ தங்கள் இஷ்டப்படி வாழ்கிறவர்கள் போல எழுதியிருக்கிறீர்கள். என் அலுவலகத் தோழிகள் துடோங் என்ற தலைத்துணி இல்லாமல் வாசலுக்குக்கூட வரமாட்டார்கள். வந்தால் ஊர் பேசும். இதில் சொந்த முடிவு எங்கே இருக்கிறது?

வாசகி, ஈப்போ

அன்புள்ள வாசகிக்கு,

இஷ்டப்படி வாழும் பெண்ணை நான் எந்த ஊரிலும் பார்த்ததில்லை. நான் எழுதியது காசைப் பற்றி.

கோத்தா பாருவின் அந்தச் சித்தி கதீஜா சந்தையில் பெரும்பாலும் பெண்கள்தான் வியாபாரிகள். காய்கறிக் குவியலுக்கு நடுவே சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பார்கள், கை நிறையத் தங்க வளையல். அழகுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். கையில் முதல் இல்லாதபோது வளையல் அடகுக்கடைக்குப் போய்ச் சரக்காகத் திரும்பி வரும். 1990 முதல் பாஸ் என்ற இஸ்லாமியக் கட்சி ஆளும் மாநிலம் கிளந்தான். பேரங்காடியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி வரிசை வைத்தார்கள். ஆனால் இவர்களை வீட்டுக்குப் போகச் சொல்ல முடியவில்லை. நபியின் மனைவி கதீஜாவே வியாபாரிதானே!

துடோங் விஷயம் வேறு. இன்றைய பாட்டிமார்களின் இளமைக்காலப் படங்களைப் பாருங்கள், தோளில் நழுவும் செலண்டாங் என்ற மெல்லிய சால்வைதான். 1970களில் கிராமத்தை விட்டுப் பல்கலைக்கழகத்துக்கும் பினாங்கின் பாயான் லெப்பாஸ் மின்னணு ஆலைகளுக்கும் முதல் தலைமுறைப் பெண்கள் கிளம்பினார்கள். ஆலைப் பெண்களை 'மினா காரான்', அதாவது 'கரண்ட் மினா', என்று கேலி செய்தார்கள். அவர்கள் அனுப்பிய சம்பளத்தை மட்டும் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. டக்வா என்ற இஸ்லாமிய மறுமலர்ச்சி இயக்கம் பரவியபோது மாணவிகள் பலர், பெற்றோர் முகம் சுளித்தும், தாங்களாகவே தலையை மூடினார்கள். அன்று அது மகளின் பிடிவாதம். இன்று, நீங்கள் சொல்வது போல, ஊரின் பிடிவாதம்.

அரசமைப்பின் 160வது பிரிவுப்படி இஸ்லாத்தைப் பின்பற்றுவது மலாய்க்காரராக இருப்பதற்கான நிபந்தனைகளில் ஒன்று. அதனால் துடோங்கைக் கழற்றும் பெண்ணிடம் 'நீ மலாய்க்காரிதானா?' என்றே கேட்டுவிடுவார்கள். தமிழர்களான நமக்கு அந்தச் சிக்கல் இல்லை, நமக்கு வேறு சிக்கல்கள்.

அதே சமூகத்தின் வழக்கத்திலிருந்து வந்ததுதான் ஹார்தா செபெஞ்சாரியான். அதாவது, மணவாழ்க்கையில் சேர்த்த சொத்தில் பங்கு கேட்டு மனைவி ஷரியா நீதிமன்றம் போகலாம். வீட்டைக் கவனித்துக்கொண்டதும் பங்களிப்பாகக் கணக்கில் வரும். வழக்கு இழுக்கும், அது உண்மைதான்.

தோழிகளிடம் துடோங் பற்றிக் கேட்டால் பழகிப்போன பதில்தான் வரும். வீடு யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். ரொம்ப நெருங்கிய தோழியாக இருந்தால் மட்டும்.