களைத்துப்போன காவல்காரர்

கேள்வி: தம்பி ஐந்து வருசமாக எச்.ஐ.வி. குளிசை எடுக்கிறான். பி.டி-1 என்ற புரதம் கூடினால் எதிர்ப்புக் கலங்கள் களைத்துவிடும், ஆயுள் குறையும் என்று போனில் வாசித்துவிட்டு நித்திரையே இல்லாமல் கிடக்கிறான். அந்த பி.டி-1 சோதனை செய்யவேண்டுமா?
- பெயர் வேண்டாம், புதுக்குடியிருப்பு

பதில்: வயலில் யானைக்குக் காவல் இருந்திருப்பீர்கள். ஒரு இரவு என்றால் சரி, மாதக்கணக்கில் விடிய விடியக் கத்தினால் தொண்டை கட்டி, கடைசியில் யானை வரம்பில் நின்றாலும் சத்தம் வராது. வைரஸ் ஓயாமல் பெருகும் உடம்பில் சி.டி.8 என்ற எதிர்ப்புக் கலங்களுக்கும் இதே கதிதான். அப்படிக் களைத்த கலத்தின் மேற்பரப்பில் பி.டி-1, டிம்-3 போன்ற புரதங்கள் கூடிநிற்கும். 2006இல் வெளிவந்த தென்னாபிரிக்க ஆய்வில், எச்.ஐ.வி.யை எதிர்க்கும் கலங்களில் பி.டி-1 கூடியவர்களுக்கு இரத்தத்தில் வைரஸ் அதிகம், சி.டி.4 என்ற இன்னொரு வகை எதிர்ப்புக் கலங்கள் குறைவு. ஆனால் கவனியுங்கள், அவர்கள் மருந்தே தொடங்காதவர்கள்! தம்பி பயந்தது அவர்களுடைய கணக்கைப் பார்த்து.

ஒழுங்காகக் குளிசை எடுத்து வைரஸ் அடங்கினால் பி.டி-1 இறங்கும், முழுதாக இல்லாவிட்டாலும். அது ஆராய்ச்சிக்கூடத்து அளவீடு, கிளினிக்கில் வழமையாகப் பார்ப்பதில்லை, அதற்காகக் காசு செலவழிக்க வேண்டாம். வைரஸ் அளவும் சி.டி.4 எண்ணிக்கையும் என்ன என்று கேட்டுக் கொப்பியில் எழுதிவைக்கட்டும். அரச கிளினிக்கில் மருந்து இலவசம். அறுவடைக் காலத்திலும் திகதி தவறாமல் போகச் சொல்லுங்கள், முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள்.