முன் டயர் இரண்டும் தேய்ந்துவிட்டன. புதுசை முன்னாலேயே போடலாமா?

வேண்டாங்க, பின்னால் போடுங்கள். காரைக்குடியில் எனக்கும் 'முன்னாலேயே மாட்டிரலாம்ணே' என்றுதான் சொன்னார்கள். மழை ரோட்டில் முன் டயர் வழுக்கினால் ஸ்டீயரிங்கில் தெரியும், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துச் சமாளிக்கலாம். பின்பக்கம் வழுக்கினால் வண்டியே சுற்றிவிடும். அதனால் பின்னால் ஓடிய நல்ல டயர்களை முன்னுக்கு மாற்றச் சொல்லுங்கள்.

டயர் பள்ளத்துக்குள் சின்ன மேடு இருக்கும். நம்மூர்ச் செம்மண் அப்பியிருந்தால் கழுவிவிட்டுப் பாருங்கள். டயரின் பட்டன் (ரோட்டில் படும் ரப்பர் கட்டைகள்) தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் மிச்சம் 1.6 மி.மீ.தான், ஐப்பசி மழை வரை தள்ளாதீர்கள்.

வாங்கும்போது பக்கச் சுவரில் 4 இலக்க எண்ணைப் பாருங்கள்: 2324 என்றால் 2024-இன் 23-ஆவது வாரத் தயாரிப்பு. பழையதில் உள்ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால், அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.