பழைய டீசல் கேம்பர் வேனில் ஆர்பிஎம் மீட்டர்: முள் சரியாகக் காட்ட என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: எங்கள் பழைய டெம்போ டிராவலரில் இருக்கைகளை எடுத்துவிட்டு, படுக்கை, சிறிய சமையல் மேடை, இரண்டாவது பேட்டரி ஆகியவற்றைப் பொருத்தி, குடும்பத்துடன் ஏற்காடு, கொல்லிமலை என்று சென்று வருகிறோம். எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் ஆர்பிஎம் மீட்டர் வண்டியில் இல்லாததால், சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் 4, 6, 8 சிலிண்டர் என்று மாற்றி வைக்கும் வசதியுள்ள மீட்டர் ஒன்றை வாங்கினேன். எலக்ட்ரீசியன் டைனமோவின் பின்புறமுள்ள ஒரு முனையிலிருந்து சிக்னல் ஒயர் கொடுத்தார். 4-இல் வைத்தால் ஐடிலிங்கிலேயே முள் 6,000-ஐக் காட்டுகிறது. 8-இல் வைத்தாலும் 3,000-க்குக் கீழே இறங்குவதில்லை. மீட்டர் பழுதா, இணைப்பு தவறா?
(மேடவாக்கம் வாசகர்)

பதில்: மீட்டரில் பழுது இருப்பதாகத் தெரியவில்லை; உங்கள் எலக்ட்ரீசியனும் சரியான முனையைத்தான் பிடித்திருக்கிறார். ஆனால் அந்த மீட்டர் பெட்ரோல் எஞ்சினுக்காகச் செய்யப்பட்டது. பெட்ரோல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலிலிருந்து வரும் மின் துடிப்புகளை எண்ணித்தான் மீட்டர் வேகத்தைக் கணக்கிடுகிறது. நான்கு சிலிண்டர் என்றால் எஞ்சினின் ஒரு சுற்றுக்கு 2 துடிப்பு, ஆறு என்றால் 3, எட்டு என்றால் 4. டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக்கும் இல்லை, காயிலும் இல்லை. எனவே துடிப்பை வேறிடத்தில்தான் தேட வேண்டும்.

டைனமோ என்று நாம் பழக்கத்தில் சொல்லும் ஆல்டர்னேட்டருக்குள் மூன்று ஃபேஸ் மாறுமின்சாரம் உற்பத்தியாகி, டயோடுகளின் வழியே நேர்மின்சாரமாக மாறி பேட்டரிக்குப் போகிறது. அந்த மூன்றில் ஒரு ஃபேஸை டயோடுக்கு முன்பாகவே வெளியே எடுத்துத் தரும் முனைக்கு டபிள்யூ (W) என்று பெயர். பெரும்பாலான ஆல்டர்னேட்டர்களின் ரோட்டரில் 12 துருவங்கள், அதாவது 6 ஜோடிகள் இருப்பதால், அது ஒரு முறை சுற்றும்போது 6 துடிப்புகள் வெளிவரும். எஞ்சின் புல்லி பெரியது, ஆல்டர்னேட்டர் புல்லி சிறியது, விகிதம் 2.5 என்று கொண்டால் எஞ்சினின் ஒரு சுற்றுக்கு 15 துடிப்புகள். இரண்டை எதிர்பார்க்கும் மீட்டருக்குப் பதினைந்தைக் கொடுத்தால், 800-இல் ஓடும் எஞ்சினை அது 6,000 என்றும், 8 சிலிண்டர் நிலையில் 3,000 என்றும் காட்டும். நீங்கள் எழுதியிருக்கும் எண்கள் இந்தக் கணக்கோடு அப்படியே ஒத்துப்போகின்றன.

இதற்கு நான் பரிந்துரைக்கும் வழி, ஒரு சுற்றுக்கு இத்தனை துடிப்பு என்று அமைத்துக்கொள்ளக்கூடிய டீசல் மீட்டருக்கு மாறுவதுதான். ஒயர் ஏற்கெனவே சரியான இடத்தில் இருப்பதால் வேலையும் குறைவு. வாங்கும் முன் அது ஆல்டர்னேட்டர் சிக்னலை ஏற்குமா, 12 வோல்ட்டுக்கு உரியதா என்ற இரண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். ரிச்சி தெருவில் உதிரிகள் வாங்கி, ஐந்தால் வகுக்கும் சிறு சர்க்யூட் ஒன்றைச் செய்து 15-ஐ 3 ஆக்கி, இப்போதுள்ள மீட்டரையே 6 சிலிண்டர் நிலையில் ஓட்டலாமே என்று சிலர் சொல்வார்கள். கணக்கு அழகானதுதான், ஆனால் புல்லி விகிதம் உண்மையில் 2.5 ஆக அமைவது அரிது, விகிதம் 2.3 என்றிருந்தால்கூட முள் நிரந்தரமாக எட்டு சதவீதம் குறைத்தே காட்டிக்கொண்டிருக்கும்.

புதிய மீட்டரை அமைக்கும்போதும் புல்லியை ஸ்கேலால் அளந்து கணக்கிட வேண்டாம். பெல்ட்டானது புல்லியின் விளிம்பில் அல்லாமல் பள்ளத்துக்குள் அமர்ந்து ஓடுவதாலும், தேயத் தேய இன்னும் உள்ளே இறங்குவதாலும் அந்த அளவு ஏமாற்றிவிடும். எஞ்சினை அணைத்த நிலையில் கிராங்க் புல்லியில் (எஞ்சின் புல்லியில்) ஒளி பிரதிபலிக்கும் சிறு டேப்பை ஒட்டிக்கொண்டு, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, கையடக்க ஆப்டிகல் டேகோமீட்டரால் வேகத்தைப் பாருங்கள். அதே நேரத்தில் ஹெர்ட்ஸ் (நொடிக்கு எத்தனை துடிப்பு) அளக்கும் மல்டிமீட்டரை டபிள்யூ முனைக்கும் பாடிக்கும் இடையே வைத்து, கிடைக்கும் ஹெர்ட்ஸை 60-ஆல் பெருக்கி ஆர்பிஎம்-ஆல் வகுங்கள். 2,000 ஆர்பிஎம்-இல் 500 ஹெர்ட்ஸ் வந்தால் விடை 15. ஐடிலிங்கில் வேகம் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் என்பதால் 2,000-க்கு மேல் அளப்பதே நல்லது. ஒருவர் ஆக்ஸிலரேட்டரைப் பிடித்திருக்க, மற்றவர் அளக்கட்டும். துண்டு, துப்பட்டா, தளர்ந்த சட்டைக் கை எதுவும் பெல்ட்டின் அருகே போகக் கூடாது.

இப்போதுள்ள மீட்டரை விட மனமில்லையென்றால், கிராங்க் புல்லியின் முகப்பில் எதிரெதிரே இரண்டு சிறு காந்தங்களைப் பதித்து, அருகே, காந்தம் கடக்கும்போதெல்லாம் ஒரு துடிப்பு தரும் ஹால் சென்சாரைப் பொருத்தலாம். ஒரு சுற்றுக்குச் சரியாக 2 துடிப்பு வரும் என்பதால் 4 சிலிண்டர் நிலையில் மீட்டர் திருத்தமின்றி உண்மையைக் காட்டும். ஆனால் 12 வோல்ட் சதுரத் துடிப்பை ஏற்கும் மீட்டராக அது இருக்க வேண்டும், காயிலின் உயர் மின்னழுத்தத்தை மட்டுமே உணரும் மீட்டருக்கு இது உதவாது. காந்தத்தை வெறும் பசையால் ஒட்டுவதை மட்டும் நான் ஏற்கவே மாட்டேன். 4,000 ஆர்பிஎம்-இல், மையத்திலிருந்து 7 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் 2 கிராம் காந்தத்தின் மீது ஏறத்தாழ இரண்டரை கிலோ எடைக்குச் சமமான இழுவிசை செயல்படும். லேத் பட்டறையில் ஆழம் குறைந்த குழி போட்டு, அதற்குள் அமர்த்தி, வெப்பம் தாங்கும் எபாக்ஸியால் மூட வேண்டும்.

ஒயரிங்கில் பலர் விட்டுவிடும் ஒன்று உண்டு. டபிள்யூ முனைக்கு மிக அருகிலேயே 1 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றைச் சிக்னல் ஒயரில் போடுங்கள். அந்த ஒயர் எங்காவது உரசித் தோல் உரிந்து பாடியைத் தொட்டால், ஓடும் ஆல்டர்னேட்டரின் ஒரு ஃபேஸ் நேராக எர்த்தாகி டயோடுகள் எரிந்துபோகும். ஒயர் தகட்டைக் கடக்குமிடத்தில் ரப்பர் கிராமெட் (துளை விளிம்பில் பொருத்தும் வளையம்) தேவை. ஸ்டார்ட்டர் கேபிளை ஒட்டி ஒயரைக் கொண்டு போகாதீர்கள். மீட்டருக்கான மின்சாரத்தைச் சாவி போட்டால் மட்டும் வரும் லைனிலிருந்து தனி ஃபியூஸுடன் எடுங்கள். சென்னையின் உப்புக் காற்றில் முறுக்கிச் சுற்றிய இணைப்பு சீக்கிரமே பச்சை பூத்துவிடும் என்பதால், முனைகளைச் சால்டர் செய்து ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுவது அவசியம்.

ஸ்டார்ட் செய்தவுடன் முள் சற்று நேரம் பூஜ்யத்திலேயே நின்றால் பதற வேண்டாம். ஆல்டர்னேட்டர் மின்சாரம் தரத் தொடங்கிய பிறகே சிக்னல் வரும், ஒரு முறை ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் எழும்பிவிடும். இரண்டாவது பேட்டரி காலியாக இருந்து அதிக மின்சாரம் இழுக்கும்போது, எஞ்சின் சத்தம் மாறாமல் முள் மட்டும் இறங்கினால் பெல்ட் வழுக்குகிறது என்று பொருள். ஓடும்போது முள் பூஜ்யத்துக்கு விழுந்தால் முதலில் சார்ஜிங்கைச் சோதியுங்கள்.

அதிகபட்ச வேகத்தைக் குறிக்கும் சிவப்புக் கோட்டை மீட்டருடன் வந்த இடத்திலேயே விட்டுவிடாமல், உங்கள் எஞ்சினின் கையேட்டில் உள்ள அதிகபட்ச வேகத்துக்கு மாற்றிக் குறித்துக்கொள்ளுங்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் கீழ் கியரில் இறங்கும் உங்களுக்கு இது மிக முக்கியம். டீசல் பம்பில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரால் டீசலைத்தான் நிறுத்த முடியும்; சரிவில் வண்டியின் எடை சக்கரங்களின் வழியே எஞ்சினைச் சுழற்றும்போது அதைக் கட்டுப்படுத்த முடியாது. முள் கோட்டை நெருங்கினால் கிளட்சை மிதிக்காமல், மேல் கியருக்கும் மாறாமல், பிரேக்கை விட்டுவிட்டுப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள்.