யூகேயில் வீடு வாங்குகிறேன். சொலிசிட்டர் (வீட்டுப் பத்திர வேலையைப் பார்க்கும் வக்கீல்) செய்த பிழையால் எல்லாம் தள்ளிப்போகிறது. ஆளை மாற்றலாமா, நஷ்டஈடு கேட்கலாமா?

நீங்கள் சொல்லியிருப்பது: விலை பேசி முடிந்தது, மார்ட்கேஜ் ஆஃபர் (வீட்டுக்கடன் தருகிறோம் என்ற வங்கிக் கடிதம்) கையில் இருக்கிறது, ஆனால் சொலிசிட்டர் ஆபீசில் ஒரு காகிதத்தைக் கவனிக்காமல் விட்டதால் வேலை நின்றுவிட்டது. வீடு இங்கிலாந்திலோ வேல்ஸிலோ இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஸ்காட்லாந்தில் முறையே வேறு.

கோபத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு ஒரே ஒரு விஷயத்தைப் பாருங்கள்: எக்ஸ்சேஞ்ச் (இருதரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை மாற்றிக்கொள்வது, அதோடுதான் இருவரும் சட்டப்படி கட்டுப்படுவார்கள்) ஆகிவிட்டதா, இல்லையா?

ஆகவில்லை என்றால் உங்களுக்கு வீடே கைநழுவிப் போகும் ஆபத்து. நம்மூரில் அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமென்ட் போட்டதுமே பாதி வீடு நம்முடையது என்ற நினைப்பு வந்துவிடும். இங்கே ஆஃபரை ஏற்றுக்கொண்டேன் என்று விற்பவர் சொன்னதற்குச் சட்டப்படி எந்த மதிப்பும் இல்லை. நாளைக்கே கூடுதல் விலை சொல்லும் ஒருவருக்கு அவர் கொடுத்துவிட்டுப் போகலாம். வீட்டின் நிலையைப் பார்க்கும் சர்வேக்கும், வீட்டைப் பற்றிய பதிவுகளைத் தேடிப் பார்க்கும் சர்ச்சுக்கும் நீங்கள் கட்டிய பணம் போனது போனதுதான். அதனால் இந்தக் கட்டத்தில் சொலிசிட்டரோடு சண்டை இரண்டாம்பட்சம். முதல் வேலை, எஸ்டேட் ஏஜென்ட்டைக் கூப்பிட்டு என்ன நடந்தது, எப்போது சரியாகும் என்று மறைக்காமல் சொல்வது. விற்பவர் காதில் தாமதம் என்ற செய்தி மட்டும் விழுந்தால், வாங்குகிறவருக்குப் பணம் புரளவில்லை போல என்றுதான் நினைப்பார்.

அடுத்து, உங்கள் தேதிகளை எடுத்து வையுங்கள். மார்ட்கேஜ் ஆஃபர் பெரும்பாலும் ஆறு மாதம் வரைதான் செல்லும். சர்ச் முடிவுகளும் ஆறு மாதத்துக்கு மேல் பழையதாகிவிட்டால் பல வங்கிகள் ஏற்பதில்லை. ஆஃபர் முடியப்போகிறது என்றால் ப்ரோக்கரை விட்டு நீட்டிப்புக் கேளுங்கள். சொலிசிட்டர் தானாகக் கேட்பார் என்று இருக்காதீர்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். லண்டனில் 4,00,000 பவுண்டுக்கு ஒரு ஃப்ளாட். டெபாசிட்டில் ஒரு பகுதி திருச்சியிலிருந்து அப்பா கொடுத்தது. அது கடன் இல்லை, அன்பளிப்பு என்று அவர் கையெழுத்திட்ட கடிதத்தையும் அவருடைய பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் ஆரம்பத்திலேயே அனுப்பிவிட்டேன். சொலிசிட்டர் இங்கே நமக்கு மட்டுமல்ல, கடன் கொடுக்கும் வங்கிக்கும் சேர்த்துத்தான் வேலை செய்கிறார். அன்பளிப்புப் பணம் வருகிறது என்றால் வங்கிக்குத் தெரியப்படுத்த வேண்டியது அவர் பொறுப்பு. அந்தக் கடிதம், சொலிசிட்டருக்கு உதவியாக வேலை பார்க்கும் பாரலீகலின் ஃபைலிலேயே கிடந்தது. அவர் லீவில் போனார், வந்தவருக்கு விஷயம் தெரியாது. எக்ஸ்சேஞ்ச் நெருங்கியபோதுதான் யாரோ கவனித்து வங்கிக்கு எழுத, வங்கி மறுபடி பரிசீலனை என்று உட்கார்ந்துவிட்டது. 2025 மார்ச் 31 தாண்டியது.

அந்தத் தேதிக்கு அப்போது பெரிய மதிப்பு. முதல் வீடு வாங்குபவர்களுக்கு ஸ்டாம்ப் டியூட்டி இல்லாத வரம்பு 4,25,000 பவுண்டாக இருந்தது. ஏப்ரல் 1 முதல் 3,00,000 ஆகக் குறைந்தது. ஒரு பவுண்டுகூடக் கட்டவேண்டாம் என்றிருந்த எனக்கு 5,000 பவுண்ட் வரி வந்தது.

நான் செய்ததில் உருப்படியானது, எல்லாவற்றையும் மின்னஞ்சலில் வைத்திருந்ததுதான். போனில் பேசினாலும் அப்புறம் உட்கார்ந்து, "இன்று பேசியதில் நீங்கள் சொன்னது இது, தவறாக இருந்தால் திருத்தவும்" என்று இரண்டு வரி அனுப்பிவிடுவேன். பாரலீகலிடம் கத்தவில்லை, அவர்களில் பலர் ஒரே நேரத்தில் ஏகப்பட்ட ஃபைல்களோடு மல்லுக்கட்டுகிறவர்கள். அவருக்கு மேலே இருக்கும் பார்ட்னர் பெயர், வேலையை ஆரம்பித்தபோது அவர்கள் அனுப்பிய முதல் கடிதத்திலேயே இருக்கும். புகார் யாரிடம் கொடுக்கவேண்டும் என்பதும் அதில்தான் இருக்கும். பார்ட்னருக்கு எழுதி மூன்று விஷயம் கேளுங்கள்: என்ன தவறு நடந்தது, இன்று யார் கையில் இருக்கிறது, எப்போது முடியும். தவறு நடந்தால் கட்சிக்காரரிடம் ஒளிக்காமல் விளக்க வேண்டும் என்பது சொலிசிட்டர்களுக்கான நடத்தை விதியிலேயே இருக்கிறது. அதனால் தயங்காமல் கேட்கலாம்.

ஆளை மாற்றுவது பற்றி: கடைசிக் கட்டத்தில் பெரும்பாலும் வேண்டாம் என்பேன். புது ஆள் வந்தால் அடையாளச் சோதனை, பணம் எங்கிருந்து வந்தது என்ற விசாரணை எல்லாம் முதலிலிருந்து நடக்கும். அவர் உங்கள் வங்கி ஏற்றுக்கொண்ட சொலிசிட்டர்கள் பட்டியலில் இருக்கவேண்டும். பழைய ஆபீஸ் இதுவரை செய்த வேலைக்குப் பில் போடும், அதைக் கட்டும்வரை ஃபைலைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் அவர்களுக்கு உரிமை உண்டு. பார்ட்னருக்கு எழுதியும் பதிலே வரவில்லை என்றால் மட்டும் மாற்றுங்கள்.

எக்ஸ்சேஞ்ச் ஆகிவிட்டது, கம்ப்ளீஷன்தான் (மீதிப் பணம் கொடுத்துச் சாவி வாங்குவது) தவறுகிறது என்றால் கதை வேறு. இப்போது விற்பவர் ஓடமுடியாது, ஆனால் தாமதத்துக்கான வட்டி உங்கள் தலையில் விழும். வழக்கமான ஒப்பந்த நிபந்தனைகளின்படி விற்பவர் நோட்டீஸ் கொடுத்தால் பத்து வேலைநாளுக்குள் முடிக்கவேண்டும். முடியாவிட்டால் அவர் ஒப்பந்தத்தை ரத்து செய்து, 10 சதவீத டெபாசிட்டையும் வைத்துக்கொள்ளலாம். வங்கியிடம் பணம் கேட்டு அனுப்பவேண்டிய சான்றிதழைச் சொலிசிட்டர் நேரத்தோடு அனுப்பாமல் விடுவது இந்த இடத்தில் நடக்கிற பிழை. பணத்தை விடுவிக்கப் பல வங்கிகள் ஐந்து வேலைநாள் முன்னறிவிப்புக் கேட்கும். தவறு அவர்களுடையது என்றால், வட்டி, சாமான் லாரிக்கு மறுபடி கொடுக்கும் கூலி, ஹோட்டல் வாடகை இதையெல்லாம் யார் ஏற்பது என்று அன்றைக்கே எழுத்தில் கேளுங்கள். ரசீதுகள் பத்திரம். சொலிசிட்டர் ஆபீஸ்கள் இதற்கென்றே கட்டாயம் இன்சூரன்ஸ் வைத்திருக்கவேண்டும், அதனால் பாவம் பார்க்கத் தேவையில்லை.

சாவி கைக்கு வந்தபிறகு புகார். மின்னஞ்சலில் "இதை முறையான புகாராக எடுத்துக்கொள்ளவும்" என்று பளிச்சென்று எழுதுங்கள். வெறும் புலம்பலாக இருந்தால் "வருந்துகிறோம்" என்ற பதிலோடு முடிந்துவிடும். அவர்களுக்கு எட்டு வாரம் அவகாசம். அதற்குள் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் சட்டச் சேவை பற்றிய புகார்களைத் தீர்த்துவைக்கும் லீகல் ஆம்பட்ஸ்மனிடம் போகலாம், இலவசம். ஆபீஸின் இறுதிப் பதில் வந்து ஆறு மாதத்துக்குள், தவறு நடந்து (அல்லது உங்களுக்குத் தெரியவந்து) ஒரு வருடத்துக்குள் போகவேண்டும். கட்டணத்தைக் குறைக்கவும் 50,000 பவுண்ட் வரை நஷ்டஈடு கொடுக்கவும் அவர்கள் உத்தரவிடலாம். எஸ்.ஆர்.ஏ. என்பது சொலிசிட்டர்களின் நேர்மையைக் கண்காணிக்கும் அமைப்பு. தாமதத்துக்கு அங்கே போய்ப் பணம் கேட்டால் கிடைக்காது.

என் புகாருக்கு முதலில் வந்த பதில் சாமர்த்தியமானது. "நாங்கள் கடிதத்தை அன்றே அனுப்பியிருந்தாலும் விற்பவர் தரப்பு மார்ச்சுக்குள் தயாராகியிருக்காது." இதுதான் இந்த மாதிரி வழக்குகளின் கழுத்துப்பிடி. பிழை நடந்தது என்று காட்டினால் போதாது, அந்தப் பிழையால்தான் நஷ்டம் வந்தது என்றும் காட்டவேண்டும். எஸ்டேட் ஏஜென்ட் மார்ச் நடுவில் எனக்கு அனுப்பியிருந்த ஒரு வரி காப்பாற்றியது: விற்பவர் கையெழுத்திட்டாயிற்று, உங்கள் தரப்புக்காகத்தான் காத்திருக்கிறோம். அதை இணைத்து அனுப்பியபிறகு பேச்சின் தொனி மாறியது. ஆம்பட்ஸ்மன் வரை போகாமலே வரித்தொகையில் பெரும்பகுதியையும் கட்டணத்தில் ஒரு பகுதியையும் திருப்பிக் கொடுத்தார்கள்.

நம் ஆட்களுக்கென்று ஒரு எச்சரிக்கை. இன்ஷியல் பிரச்சினை. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேமாக இருக்கும், வங்கியில் இன்ஷியலோடு இருக்கும், ஒப்பந்தத்தில் பாரலீகல் தன் இஷ்டத்துக்கு ஒன்றைப் போட்டிருப்பார். டிராஃப்ட் வந்ததும் பாஸ்போர்ட், மார்ட்கேஜ் ஆஃபர், ஒப்பந்தம், டிரான்ஸ்ஃபர் பத்திரம் நான்கையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். கம்ப்ளீஷனுக்கு முதல்நாள் இது தெரியவந்தால் வீண் அலைச்சல்.

கடைசியாக, பிழை விற்பவரின் சொலிசிட்டருடையது என்றால் மேலே சொன்ன புகார் வழி உங்களுக்குக் கிடையாது. நீங்கள் அவருடைய கட்சிக்காரர் இல்லை. உங்கள் சொலிசிட்டர் வழியாகத்தான் அழுத்தம் கொடுக்கமுடியும். கூடவே எஸ்டேட் ஏஜென்ட்டையும் முடுக்கிவிடுங்கள். விற்பனை முடிந்தால்தான் அவருக்குக் கமிஷன், அதனால் அவர் போன் பண்ணிக்கொண்டே இருப்பார்.