காந்தி ரோட்டில் பெங்காலி போர்டு

கேள்வி: வேலூர் காந்தி ரோட்டில் கடைக்குக் கடை பெங்காலி போர்டு. நம் பையன்களே பெங்காலியில் கூவிக் கூப்பிடுகிறார்கள். மொழி போனால் பண்பாடும் போய்விடும் என்று இவர்களுக்கு யார் எடுத்துச் சொல்வது?
- ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: குடியாத்தத்துக்காரர் கேட்கிற கேள்வியா இது? உங்கள் ஊர்க் கடைத்தெருவில் தெலுங்கு காதில் விழாத நாள் உண்டா? 1911-இல் சித்தூர் தனி மாவட்டமாகப் பிரியும்வரை அந்தப் பக்கத்து ஊர்கள் பலவும் நம் பழைய வட ஆற்காடு மாவட்டத்தில்தான் இருந்தன. பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி போனால் உருது. வீட்டில் தெலுங்கு, தோல் ஷாப்பில் உருது, பஸ்ஸில் தமிழ் என்று ஒரே ஆள் பேசுவதை நம் பக்கத்தில் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவர்கள் பண்பாடெல்லாம் எங்கே போய்விட்டது?

சரி, காந்தி ரோட்டுக்கு வருவோம். 1900-இல் டாக்டர் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனைக்கு இன்று மேற்கு வங்கம், ஜார்கண்ட், வங்கதேசத்திலிருந்தெல்லாம் வருகிறார்கள். அம்மாவுக்குக் கட்டி, பிள்ளைக்கு ரத்தத்தில் கோளாறு என்று வயிற்றில் நெருப்போடு வந்து இறங்குகிறவர்கள். அவர்களிடம் லாட்ஜ் பையன் முதலில் பிடித்துக்கொண்ட வார்த்தைகள் தாதா, தீதி. முன்பின் தெரியாதவரையும் அண்ணன், அக்கா என்று முறைவைத்துக் கூப்பிடுவது நம் பழக்கம். அவர்களுக்கும் அதே பழக்கம். அதனால் சட்டென்று ஒட்டிக்கொண்டது. (நம் ஊரில் தாதா என்றால் வேறு மாதிரி ஆள். அதை அவர்களிடம் சொல்லாதவரை நல்லது.) அப்புறம் தெருவே மாறியது. வாரக்கணக்கில் தங்குகிறவர்கள் தாங்களே பொங்கிச் சாப்பிட, அடுப்பும் பாத்திரமும் தரும் லாட்ஜுகள் வந்தன. மளிகைக் கடையில் கடுகு எண்ணெய் வந்தது.

யார் யாருடைய மொழியைக் கற்கிறார் என்று பாருங்கள், யாருக்கு யார் தேவை என்பது தெரிந்துவிடும். தோல் ஷாப்பில் முதலாளியின் உருது தொழிலாளிக்கு வந்துவிடுகிறது. காந்தி ரோட்டில் வாடிக்கையாளரின் பெங்காலி வியாபாரிக்கு வருகிறது. கடை சாத்தியதும் அவர் கணக்குப் பார்ப்பதும் பையனைத் திட்டுவதும் தமிழில்தான்.

தமிழ் தலைகுனிந்து நிற்கிற இடம் வேறு. ஒடுகத்தூரிலிருந்து வரும் பெரியவர் கையில் மருந்துச் சீட்டு, ஸ்கேன் ரிப்போர்ட், பில் எல்லாமே ஆங்கிலம். போகிற வருகிறவரிடம் நீட்டி, "இன்னாபா எழுதிக்கீது?" என்று கேட்கிறார். அந்த ஆங்கிலத்தின்மேல் உங்களுக்குக் கோபம் வந்ததாகக் கடிதத்தில் ஒரு வரி இல்லையே! அது கௌரவம், இது உறுத்தல். பயந்துபோய் நிற்கும் நோயாளியின் மொழி என்பதாலா?

போர்டில் தமிழ்தான் முதன்மையாக இருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. தமிழைப் பொடி எழுத்தில் போட்ட கடையைக் கண்டால் தொழிலாளர் துறைக்கு மனுப் போடுங்கள். நானும் கையெழுத்துப் போடுகிறேன். பெங்காலியை அழிக்கச் சொல்லும் மனு என்றால் என்னிடம் கொண்டுவர வேண்டாம்.