கைப்பிடிக்குப் பயம், கொசுவுக்கு இல்லையா?

கேள்வி: அலுவலக வேலையாக அடுத்த மாதக் கடைசியில் முதல்முறையாக வெளிநாடு போகிறேன். டிக்கெட் வந்த நாளிலிருந்து தூக்கம் போச்சு. விமானத்தில் பக்கத்து சீட்டுக்காரர் இருமினால்? ஹோட்டல் கழிப்பறையில் உட்கார்ந்தால் எச்.ஐ.வி. தொற்றுமா? எச்.ஐ.வி. உள்ளவரைக் கடித்த கொசு என்னையும் கடித்தால்? முன்ஜாக்கிரதையாக ஆன்டிபயாடிக் போட்டுக்கொள்ளலாமா, டாக்டர்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கழிப்பறையை முதலில் முடித்துவிடுவோம். அங்கே உட்காருவதால் எச்.ஐ.வி. தொற்றாது. கதவுக் கைப்பிடி, துண்டு, படுக்கை விரிப்பு எதிலிருந்தும் தொற்றாது. டிஷ்யூவை அடுக்கடுக்காகப் பரப்பிவிட்டு, தொடை நடுங்க அரையும் குறையுமாக உட்காரும் வித்தையெல்லாம் வேண்டாம். கொசுவும் அதைப் பரப்பாது. கொசுவின் வயிற்றில் அந்த வைரஸ் பெருகாது, செரித்துவிடும்.

பெரிய விமானங்களில் சுற்றிவரும் காற்று ஹெப்பா வடிகட்டி வழியாகத்தான் திரும்ப வருகிறது. 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தை அது பிடித்துவிடும். பக்கத்தில் இருப்பவர் விடாமல் இருமினால் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், போதும்.

எந்த நாடு என்று நீங்கள் எழுதவே இல்லையே! என் பதிலில் பாதி அதில்தான் இருக்கிறது. மலேரியா உள்ள நாடென்றால் கிளம்பும் முன்பே மாத்திரை தொடங்கி, திரும்பிய பிறகும் தொடர வேண்டியிருக்கும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கேட்கும் நாடென்றால், அங்கே போய் இறங்குவதற்குக் குறைந்தது 10 நாள் முன்பே அதைப் போட்டிருக்க வேண்டும். ஆகவே கைப்பிடி துடைக்கும் துணியைக் கீழே வைத்துவிட்டு, இந்த வாரமே ஒரு மருத்துவரைப் பாருங்கள். கொசுவுக்குப் பயப்படலாம், தப்பில்லை. டெங்கு கொசு பகலில் கடிக்கும், மலேரியா கொசு பொழுது சாய்ந்தபின். இரண்டுக்கும் கொசுவிரட்டிக் களிம்பு வேண்டும்.

ஆன்டிபயாடிக்கை முன்கூட்டியே விழுங்கவே கூடாது. குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து சாகும். பயணிகளுக்கு அதிகம் வருவது வயிற்றுப்போக்குதான், அதற்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் எடுத்துப்போங்கள். சானிடைசரை மட்டும் நம்பாதீர்கள். வாந்தி பேதி உண்டாக்கும் நோரோவைரஸ் அதற்கு அவ்வளவாக மசியாது, சோப்பும் தண்ணீரும்தான் சரி. நாயோ குரங்கோ கடித்தால் 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

ஆரோக்கியமாகக் கிளம்பும் பயணிகளின் உயிரைப் பறிப்பதில் தொற்றுநோயைவிடச் சாலை விபத்துதான் முந்தி நிற்கிறது. சீட் பெல்ட் பற்றி நீங்கள் ஒரு வரிகூடக் கேட்கவில்லை.

ஊர் திரும்பிச் சில வாரங்கள் கழித்துக் காய்ச்சல் வந்தாலும், எந்த நாட்டுக்குப் போய்வந்தீர்கள் என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.